பின் சீட்டில் நாற்பது நிமிடம்

காலை ஏழு இருபது. முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் பிடரி. அதில் பவுடர் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் திரண்டிருந்தது. அதற்கு அப்பால் மழை வழியும் முன்கண்ணாடி. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. முன்னால் வலப்பக்கத்து சீட் காலி. அதன் பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றியதில்லை.

எனக்கு ஒன்பது வயது. ஐந்தாம் வகுப்பு. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அது, நவம்பர் மூன்று. புதுச்சேரியில் அந்த வருடம் மழை சரியான நேரத்துக்கு வந்து, போக மறந்திருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தால் பத்து நிமிடம். காரில் போனால் நாற்பது நிமிடம்.

கார் பெரியப்பாவுடையது. அவர் சொல்தா. நம் வயதுக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இளையவர்கள் யாராவது படித்தால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்று வைத்துக்கொள்ளட்டும். பிரான்சின் வடக்கே ஏதோ ஒரு குளிர் ஊரில் பல வருடம் இருந்தவர், அங்கே வாங்கிய காரைக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பி, ஒரு விடுமுறை முழுக்க ஓட்டிவிட்டு எங்கள் வீட்டில் நிறுத்திப் போனார். ஸ்டியரிங் இடப்பக்கம். தெருவில் யாராவது ஒருவர் தினமும் குனிந்து, வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று தேடுவார்.

போகும்முன் அவர் மூன்று காரியங்கள் செய்தார். பின் கதவுக் கண்ணாடிகளை இறக்கும் கைப்பிடிகள் இரண்டையும் கழற்றி, டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி விளையாடுவார்களாம். பின் கதவுகளை வெளியிலிருந்து மட்டுமே திறக்கும்படி செய்தார். முன்னால் வலப்பக்கத்து சீட் தனக்கானது, அதில் யாரும் உட்கார வேண்டாம் என்று சொன்னார்.

நான்காவதாக ஒன்றும் இருந்தது, அதை அவர் சொல்லவில்லை. டாஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ஊதா மையில், பெரியப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், பிரெஞ்சில் ஐந்து வரி. அப்பா செர்த்திஃபிகா பரீட்சை வரை பிரெஞ்சு படித்தவர். எழுத்துக்கூட்டிப் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். தினமும் என்ஜின் நாற்பது நிமிடம் ஓட வேண்டும். நடுவில் அணைக்கக் கூடாது. திங்கட்கிழமை தண்ணீர் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை சிவப்பு லிவரைத் திறந்து வைக்க வேண்டும். வேறு யாரும் என்ஜினில் கை வைக்கக் கூடாது.

நாங்கள் குடியிருந்த வீடும் பெரியப்பாவுடையது. ஆகவே அந்த ஐந்து வரிகளும் எங்கள் வீட்டில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தபடி இருந்தன.

நாற்பது நிமிடத்தை நிரப்புவதற்காக அப்பா தினமும் அரியாங்குப்பம் தாண்டி நோணாங்குப்பம் பாலம் வரை போய்த் திரும்புவார். பிறகு என்னைப் பள்ளியில் இறக்குவார். பிறகு ஆபீஸ். நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று, பூசைக்குப் போகும்முன், அந்தச் சிவப்பு லிவரைத் திறந்தார். துரு பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தார்.

"இது என்னாத்துக்குங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஷோஃபாஜ். சூட்டுக் காத்து வரும். மழைக்காலத்துக்கு நல்லதுதானே? அண்ணன் சும்மாவா எழுதுவாரு?"

காற்று வந்தது. முன் சீட்டுக்கு அடியிலிருந்த ஒரு வாய் வழியாக, நேராகப் பின் சீட்டில் இருந்தவர் கால்மேல். நனைந்த ஷூவைக் கழற்றி, காலுறையோடு பாதங்களை அங்கே நீட்டுவேன். இஸ்திரி போட்ட துணிக்குள் காலை விட்டதுபோல இருக்கும். சூடான இரும்பு வாசனை. பெரியப்பா சீட்டுகளில் தெளித்துவிட்டுப் போன ஓ தெ கொலோன் வாசனை. இரண்டும் கலந்து ஒரு இனிப்பு. முதல் இரண்டு நாள் அந்தக் காற்று எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகக் குனிந்து முகத்தையும் காட்டினேன்.

மூன்றாம் நாள்தான் தலைவலி. நெற்றிப்பொட்டில் தொடங்கும். அரியாங்குப்பத்தில் கண்களுக்குப் பின்னால் போய் உட்காரும்.

அந்த வண்டியில் ஒரு சத்தமும் உண்டு. காலையில் கிளப்பியதும் டக், டக், டக் என்று ஒரே சீராக அடிக்கும். பத்து நிமிடத்தில் குறையும். பிறகு காதை வைத்துக் கேட்டால்தான் உண்டு.

"உங்கண்ணன் வண்டி ஜெபமால சொல்லுது," என்பாள் அம்மா.

"பிரெஞ்சு என்ஜின் அப்பிடித்தான்," என்பார் அப்பா.

பாலத்துக்கு வந்ததும் வண்டியைத் திருப்பி நிறுத்துவார். வண்டிக்குள் புகைக்கமாட்டார். அட்டையில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அண்ணன் வண்டி. என்ஜினை அணைக்க மாட்டார், அது அட்டையில் இருந்தது. மழை சீட்டில் படாமலிருக்கத் தன் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, குடையோடு இறங்குவார். வரும் வழியெல்லாம் அந்தக் கண்ணாடி பாதி இறங்கியிருக்கும். இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர் தலையை நீட்டிப் பார்த்தால்தான் ஓரம் தெரியும்.

அவர் பாலத்துச் சுவரில் சாய்ந்து ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம் எனக்குத் தெரியும். இருநூற்று அறுபதிலிருந்து முன்னூறு எண்ணுவதற்குள். ஆறு தெரியாது, மழை மட்டும் தெரியும். கண்ணாடிக்கு உட்புறம் என் மூச்சு படிந்திருக்கும். கதவில் கைப்பிடி இருந்த இடத்தில் பல் வைத்த ஒரு இரும்புக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அதை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பார்ப்பேன். விரலில் பள்ளம் விழும். கண்ணாடி அசையாது. தட்டினால் அப்பா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுவார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். டக் டக் நின்றிருக்கும். வண்டி அமைதியாக, சூடாக, என்னை வைத்துக்கொண்டு நிற்கும்.

பள்ளி வாசலில் அவர் வந்து கதவைத் திறந்ததும் நான் வாந்தி எடுத்தேன். அன்று, மறுநாள், அதற்கு மறுநாள்.

வகுப்பு சிஸ்டர் என்னை பாதாம் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். மரத்தடியில் அரை மணி இருந்தால் தலை லேசாகும். இரண்டாவது பீரியடுக்கு நானே எழுந்து வகுப்புக்குப் போவேன். முதல் பீரியட் தினமும் கணக்கு.

பெரியவர்கள் அறிவாளிகள். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது.

"கணக்கு முடிஞ்சதும் ஒடம்பு சரியாயிடுது பாத்தீங்களா, முசியே?" என்றார் சிஸ்டர் அப்பாவிடம், சிரித்துக்கொண்டே.

அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "மானத்த வாங்குறா," என்றார்.

அம்மா முதலில் புழு என்றாள். விளக்கெண்ணெய் கொடுத்தாள். பிறகு கண்ணேறு என்றாள். வீதியில் வேறு எந்தப் பிள்ளை காரில் பள்ளிக்குப் போகிறது? கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் வந்தது. வகுப்பில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது: வாந்தி மகாராணி. காரில் வந்து இறங்கி வாந்தி எடுப்பதால் மகாராணி. பட்டம் வைத்தவள் இன்றும் இந்த ஊரில்தான் இருக்கிறாள். பார்த்தால் நன்றாகப் பேசுவாள்.

ஒரே ஒரு முறை நான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"காருல ஏறுனாதான்பா வலிக்குது. நான் நடந்து போறேன்."

அப்பா தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"பெரியப்பா காரு ஒனக்குப் புடிக்கலையா?"

"அப்பிடி இல்லப்பா. ஜன்னல் கைப்பிடி மட்டும் குடுங்க."

"அண்ணன் கழட்டி வெச்சத நான் மாட்டணுமா? நாளைக்கு இந்த வீடும் புடிக்கலன்னு சொல்லுவியா?"

அம்மா என் காலை மேசைக்கடியில் மிதித்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம் முன்னால் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை. அங்கே காரை நிறுத்தினால் யாராவது இடித்துவிடுவார்கள் என்று அப்பா சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண்ணை இழுத்துப் பார்த்தார்கள், வயிற்றைத் தட்டினார்கள். எனக்கு அன்று ஒன்றுமே இல்லை. பசி எடுத்தது. டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். திரும்பும்போது அப்பா ரிக்‌ஷாக்காரரிடம் மட்டும் பேசினார், மழையைப் பற்றி.

அன்று மாலையே பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அண்ணனைக் கேட்காமல் எங்கள் வீட்டில் எந்த முடிவும் கிடையாது. அதிலே என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. பதில் வந்ததைப் பார்த்தேன். நீல நிற வான் கடிதம், பிரெஞ்சில். அப்பா தமிழில் சொன்னார். தாய் அதிகச் செல்லம் கொடுக்கிறாள், பிள்ளை நடிக்கிறது, கடலூரில் போர்டிங்கில் சேர்த்துவிடு, அங்குள்ள மதருக்கு நானே எழுதிவிட்டேன். ஜனவரி ஆறு, மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முன்னால் ஊருக்கு வருகிறேன், வந்து நானே அனுப்பிவைக்கிறேன்.

அம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு பிரெஞ்சு தெரியாது.

"ஒரு வருசம் போவட்டுமே," என்றாள்.

"எழுதிட்டாரு," என்றார் அப்பா.

ஒரு தகரப் பெட்டி வந்தது, பச்சை நிறத்தில். என் துணிகளில் எல்லாம் சிவப்பு நூலால் 41 என்று அம்மா தைக்கத் தொடங்கினாள். போர்டிங்கில் என் எண் அது. உள்பாவாடை, துண்டு, தலையணை உறை, கைக்குட்டை. மழையில் வெளிச்சம் போதாமல் ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நூல் கோப்பாள். நான் நாற்பத்தொன்று ஆகிக்கொண்டிருப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தேன். வலிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் காலையில் கதவு திறந்ததும் வயிறு தானாகச் சொல்லிவிடும்.

இந்தச் சமயத்தில் வண்டியின் சத்தம் கூடியது. டக் டக் போய் பட் பட் ஆனது. சூடானாலும் நிற்கவில்லை. வீதி முனையில் திரும்பும்போதே வீட்டில் கேட்கும் என்று அம்மா சொன்னாள். பெரியப்பா வந்து இதைக் கேட்டால்?

அப்பா இரண்டு நாள் யோசித்தார். ஒரு சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு, பாலத்துக்குப் போகாமல், பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமிருந்த ஒரு பட்டறைக்கு வண்டியை விட்டார். என்னை ஏன் கூட்டிப்போனார் என்று தெரியவில்லை. வீட்டில் கேட்டால், பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போனேன் என்று சொல்வதற்காக இருக்கலாம்.

பட்டறைக்காரருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பரம்பரையாக இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். எல்லோரும் அவரை பாய் என்றார்கள். லுங்கியை மடித்துக் கட்டி, வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார்.

"என்னா முசியே, ஸ்டியரிங்கு வழி தெரியாம இந்தப் பக்கம் வந்துடுச்சா?"

"சத்தம் வருது பாய். அத மட்டும் பாரு. வேற எதுலயும் கை வெக்காத."

"கை வெக்காம பாக்க நான் என்ன டாக்டரா?"

பானட்டைத் திறந்தார். வண்டியைக் கிளப்பச் சொல்லி, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை என்ஜின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். கடைசியில் ஒரு இடத்தில் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மேனிஃபோல்டு பேக்கிங் போயிடுச்சு. நாலாவது ஓட்டை."

அப்பாவுக்குப் புரியவில்லை. பாய் என்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார். எரிந்த புகை நாலு ஓட்டை வழியாக வெளியே வரும். நாலையும் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்புகிற இரும்புக் கைதான் மேனிஃபோல்டு. இரும்போடு இரும்பை எவ்வளவு இறுக்கினாலும் மயிரிழை சந்து இருக்கும். நடுவில் ஒரு அட்டை வேண்டும், அதுதான் பேக்கிங். அது வெந்துபோனால் புகை சைலன்சருக்குப் போகாமல் அங்கேயே பிய்த்துக்கொண்டு வரும். வண்டி சூடானதும் இரும்பு உப்பிச் சந்தை மூடிக்கொள்ளும், சத்தம் குறையும்.

"சத்தம் கொறஞ்சா நல்லாயிடுச்சுன்னு அர்த்தமில்ல முசியே. வாய மூடிக்கிட்டு மூக்கால விடுது, அவ்ளோதான்."

நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். எட்டில் ஏழு கழன்றன. எட்டாவதை ஊதுவிளக்கால் சுட்டுக் கழற்றினார். மேனிஃபோல்டு கையோடு வந்தது. பேக்கிங் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கருகிய அப்பளம்போல் துண்டு துண்டாக ஒட்டியிருந்தது. நாலாவது ஓட்டையைச் சுற்றி, விசிறி விரித்ததுபோல, கரி. அது என்ஜின் மேல் மட்டும் நிற்காமல், என்ஜினுக்கும் சீட்டுகளுக்கும் நடுவிலிருந்த பின்சுவரில் ஏறியிருந்தது.

பிளேடால் சுரண்டினார். இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். நாலாவது ஓட்டையில் தெரிந்தது. அரத்தால் தேய்த்தார், மறுபடி பார்த்தார். இந்த வண்டிக்கு பேக்கிங் மெட்ராஸில்கூடக் கிடைக்காது என்று, சாம்பல் நிற ஷீட் ஒன்றை மேனிஃபோல்டின் மேல் விரித்து, உருண்டை முனைச் சுத்தியால் ஓட்டையின் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டினார். தட்டத் தட்ட விளிம்பே கத்தியாகி ஷீட்டை வெட்டியது. வட்டத் துண்டு ஒன்று விழுந்தது. என்னைப் பார்த்து, "உங்க கோயில்ல குடுக்குற நன்மை அப்பம்," என்றார். அப்பா முறைத்தார். பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பொருத்தி, நடுவிலிருந்து இறுக்கத் தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் போனார். அப்பா அவசரப்படுத்தினார்.

"ஓரத்த மொதல்ல இறுக்குனா நடு தூக்கிக்கும். கொஞ்சம் இருங்க. இன்னும் ஒரு தபா சூடு பண்ணி, ஆறவெச்சி, திரும்ப முறுக்கணும்."

ஆறும் நேரத்தில்தான் அவர் என்ஜினின் பின்சுவரில் கை வைத்தார். கரி ஏறியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், கம்பி வலை போட்ட ஒரு வாய் இருந்தது. வலையைத் தொட்ட விரல் கறுப்பாக வந்தது. விரலைப் பார்த்தார். வண்டிக்குள் தலையை விட்டு, சிவப்பு லிவரைப் பார்த்தார். முன் சீட்டுக்கு அடியில் கையை நீட்டினார். பின் சீட்டைப் பார்த்தார். பிறகு டயர் மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"இந்த லிவர யாரு தொறந்தது?"

"நவம்பர்ல தொறக்கணும்னு போட்டிருக்கு," என்றார் அப்பா. டாஷ்போர்டு பெட்டி மூடியைத் திறந்து அட்டையைக் காட்டினார்.

"இது ஐஸ் பேயுற ஊருக்கு எழுதுனது முசியே. இங்க எதுக்கு?"

அப்பா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அதைத் தனக்காக எழுதிக்கொண்டது, அந்தக் குளிர் ஊரில் இருந்தபோது. எங்களுக்காக எழுதியது அல்ல. அது அப்பாவுக்கு அந்த நிமிடம்தான் புரிந்திருக்க வேண்டும். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"பின்னாடி யாரு உக்காருவாங்க?" என்று பாய் கேட்டார்.

"பொண்ணு."

"கண்ணாடிய எறக்கி வெப்பீங்களா?"

"கைப்பிடி இல்ல."

"எங்க போச்சு?"

"பத்திரமா இருக்கு."

பாய் லுங்கியில் விரலைத் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் எனக்குக் கேட்டது.

"அந்தப் புகை அப்பிடியே இந்த வாயில பூந்து உள்ள வருது. பொல்லாத புகை அது. ஷெட்டு கதவ சாத்திட்டு வண்டிய ஓடவிட்டு உள்ளயே செத்தவங்க இருக்காங்க. பாப்பாவுக்குத் தல வலிக்குது, வாந்தி வருதுன்னு எப்பனா சொல்லுச்சா?"

மழை விட்டிருந்தது. பட்டறையின் தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் விழுந்துகொண்டிருந்தது.

"இல்ல," என்றார் அப்பா.

பாய் மறுபடி என்னைப் பார்த்தார். நான் அந்த வட்டத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் போய் நட்டுகளை இரண்டாம் தடவை இறுக்கினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது லிவர் மூடியிருந்தது. அப்பா வீதி முனையில் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

"பாய் கடைக்குப் போனத பெரியப்பாகிட்ட சொல்லக்கூடாது. என்னா?"

"சரிப்பா."

"அம்மாகிட்டயும்."

"சரிப்பா."

போன மாதம் என் பழைய காரில் அதே டக் டக் கேட்டது. கதிர்காமத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பையன் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மேனிஃபோல்டு கேஸ்கட் என்றான். ஆர்டர் போட்டான், மூன்றாம் நாள் அச்சடித்த உறையில் வந்தது. "தலை வலிக்குதா மேடம்?" என்று கேட்டான். என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்ட இரண்டாவது ஆள் அவன். கார்பன் மோனாக்சைடு பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். அதற்கு வாசனை கிடையாது. நான் முகர்ந்தது வெறும் சூட்டையும் கொலோனையும்தான்.

அன்று பாய் கடைக்குப் போய் வந்த பிறகு, திங்கட்கிழமை முதல் எனக்குத் தலைவலி இல்லை. பாலத்தில் அப்பா சிகரெட் பிடித்தார், நான் முன்னூறு எண்ணினேன், பள்ளி வாசலில் இறங்கினேன், கணக்கு வகுப்பில் உட்கார்ந்தேன். சிஸ்டர் புருவத்தை உயர்த்தினார். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். தைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் நூல் கோக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். இனி இந்தப் பெட்டி வேண்டியிருக்காது என்று இருவருமே நினைத்தோம்.

பெரியப்பா ஜனவரி முதல் வாரத்தில் வந்தார். தொப்பி, தடித்த கோட்டு, எனக்கு ஒரு டப்பா சாக்லேட். வந்ததும் வண்டியைக் கிளப்பச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பாத்தியா? ஒருத்தனும் கை வெக்கலன்னா வண்டி எப்படி இருக்கும்னு."

அப்பா, "ஆமாண்ணே," என்றார்.

அன்று சாப்பாட்டில் அம்மா துணிந்து சொன்னாள்.

"மாமா, இப்பல்லாம் அவளுக்கு ஒண்ணும் வர்றதில்ல. மூணு வாரமா நல்லாதான் இருக்கா. இங்கயே படிக்கட்டுமே."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "உண்மையா? இப்ப தல வலிக்கிறது இல்லியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஏன் நின்றது என்று சொன்னால் லிவரைச் சொல்ல வேண்டும். லிவரைச் சொன்னால் பாயைச் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்று பொய் சொன்னால் போர்டிங். வலிக்கவில்லை என்ற உண்மை மட்டும்தான் மிச்சம்.

"இல்ல பெரியப்பா."

பெரியப்பா மேசையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். சந்தோஷமாகத்தான்.

"சொன்னேனா இல்லியா? போர்டிங்னு காதுல விழுந்ததுமே நின்னுடுச்சு. இதான் வைத்தியம். இப்ப விட்டா திரும்ப ஆரம்பிச்சுடுவா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். ஒரு கணம் சொல்லிவிடப்போகிறார் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பா ரொட்டித் துண்டைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று ராசாக்கள் திருநாளுக்கு மறுநாள் புறப்பட்டோம். பெரியப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் அவர் வரவில்லை. தகரப் பெட்டி அவர் சீட்டில் வைக்கப்படவில்லை, என் பக்கத்தில் ஏறியது. அம்மா கண்ணாடிக்கு வெளியிலிருந்து ஏதோ சொன்னாள். அது ஏறியிருந்ததால் வாயசைவு மட்டும் தெரிந்தது. என்ஜின் தையல் மிஷின்போல ஓடியது. லிவர் மூடியிருந்தது. அட்டைப்படி அது மார்ச் வரை திறந்திருக்க வேண்டும். நோணாங்குப்பம் பாலத்தில் அப்பா நிறுத்தவில்லை. கடலூர் போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆனது. எனக்குத் தலை வலிக்கவில்லை.

மதர் ஒரு நீளமான ரெஜிஸ்டரைத் திறந்தார். என் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற கோயில், எண் 41. கடைசிக் கட்டம் உடல்நிலை.

"உங்க அண்ணன் எழுதியிருந்தாரே, பிள்ளைக்கு ஏதோ நோவுன்னு?" என்று மதர் கேட்டார்.

அப்பா சொன்னதை அவர் அப்படியே எழுதினார். எதிரே நின்ற நான் அதைத் தலைகீழாகப் படித்தேன்: தலைவலி, வாந்தி. காரணம் தெரியவில்லை.